நாடகமேடைத் தியாகி விசுவநாததாஸ்

சிவகாசி என்னும் பெயரைக் கேட்டவுடன் தீப்பெட்டியும் வாணவேடிக்கையுமே நம் நினைவில் எழுகின்றன. அத்தொழில்கள் அங்கு வேரூன்றியது 1920-களுக்குப் பின்னரேயாம். அதற்கு நெடுநாள் முன்னரே அந்நகர் நம் தேசத்திற்கு ஒரு வீரரை ஈந்தது. அவரே நாடக நடிகர் விசுவநாததாஸ் ஆவார்.

சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள், சுப்பிரமணியம், ஞானாம்பாள் என்போருக்கு இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தாசரிதாஸ். குடும்பம் பின்னர்த் திருமங்கலத்தில் குடியேறியது. நாவிதத் தொழில் புரிந்த மருத்துவர் குலத்திற் பிறந்தமையால், சிறுபிராயத்திலேயே சமூகத்தின் ஏளனத்தை அறிந்தார். ஆயினும் இயற்கை அளித்த இனிய குரல் அவரை மேடைக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்தில் தென்னாட்டில் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை பெருகியிருந்தது. இதில் நிலையான கம்பெனி இல்லை, ஒத்திகையும் இல்லை. நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, குறித்த இரவில் ஒரு மேடையிற் கூடுவர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களை அனைவரும் நன்கறிந்திருந்தமையால் ஆட்டம் தடையின்றி நடந்தேறும். ஆர்மோனியத்தின் துணையோடு, நூலில் இல்லாத பாட்டையும் பேச்சையும் சமயத்திற்கேற்பச் சேர்க்கும் உரிமை நடிகருக்கு இருந்தது. பிறர் அவ்வுரிமையைக் கரகோஷம் பெறுவதற்குப் பயன்படுத்த, விசுவநாததாஸ் அதனைத் தேச விடுதலைக்கு அர்ப்பணித்தார்.

மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்கள் அவருக்குப் பேருதவியாயின. 1919-இல் நிகழ்ந்த பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டு அவர் குரலில் ஒலிக்கக் கேட்டு ஜனங்கள் கண்ணீர் உகுத்தனர். அந்நிய ஆட்சியாளரை வெள்ளைக் கொக்காக உருவகித்த பாட்டோ, வள்ளி புள்ளினம் ஓட்டும் தினைப்புனக் கதைக்கு இயல்பாகவே பொருந்திற்று. எழுத்தறியா உழவரும் அதன் உட்பொருளை உணர்ந்தனர்.

1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி சர்க்கார் ஒரு நாடகத்தைத் தடைசெய்யக்கூடும். ஆனால் முருகன் வள்ளியை மணந்த கதையிற் குற்றம் காண்பது எங்ஙனம்? குற்றமெனக் கருதப்பட்ட பாட்டு நூலில் இல்லை. நடிகரின் நாவில் இருந்தது. ஆதலின் சர்க்கார் நாடகத்தை விடுத்து நடிகரையே பிடித்தது. பல முறை அவர் சிறை புகுந்தார். நாயகன் சிறைப்பட்டால் நாடகம் நின்றுபோகும், வருவாயும் நின்றுபோகும். கடனும் வறுமையும் அவரைச் சூழ்ந்தன. விடுதலையாகி வந்தபின் மீண்டும் அப்பாட்டுகளையே பாடினார்.

சிறையினும் கொடியதொன்று உண்டு. அவர் குலத்தைக் காரணமாகக் காட்டி, அவருடன் இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். தெய்வ வேடத்தில் அவரைக் கண்டு கைகூப்பிய அதே சமூகம், வேடம் கலைந்தபின் அவரைத் தாழ்ந்தோர் எனத் தள்ளிவைத்தது. இம்முரண்பாடு நாம் நாணித் தலைகுனியத் தக்கதாம். தம்மை இழிவுபடுத்திய சமூகத்தின் விடுதலைக்காகவே அவர் துன்புற்றார் என்பதை எண்ணுங்கால், அவர்தம் பெருமை நமக்கு நன்கு விளங்கும்.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடைபெற்றது. முருகனாக மயில் மீதமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. மறுநாள் அவ்வேடத்துடனேயே அவரது உடல் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. அவர் வேண்டிய விடுதலை கிட்ட இன்னும் ஏழாண்டுகள் இருந்தன.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் உண்டு. விருதுநகர்ப் பக்கம் பயணம் செய்யும் மாணவர்கள் சற்றே வழிவிலகி அதனைக் கண்டு வருதல் நன்று. பெரும் படிப்போ, பொருளோ, உயர்குலப் பெயரோ அவருக்கு வாய்க்கவில்லை. தமக்கு வாய்த்த குரல் ஒன்றையே நாட்டிற்கு அளித்தார். கல்வியும் வசதியும் பெற்ற நாம், நமக்கு வாய்த்தவற்றை யாருக்கு அளிக்கப் போகிறோம் என்று சிந்திப்போமாக.