பயத்தைப் போக்கிய இளம் ராணி

உங்கள் தாத்தா, பாட்டியின் கையை உற்றுப் பாருங்கள். வட்டமாக ஒரு தழும்பு தெரிகிறதா? என் கையிலும் இருக்கிறது. சிறு வயதில் பெரியம்மை வராமலிருக்க 'அம்மை குத்திய' தழும்பு அது. நம் பகுதியில் இதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? ராணி கௌரி லட்சுமிபாய்!

அன்று நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1810-ஆம் ஆண்டு லட்சுமிபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு ஏறத்தாழ 20 வயதுதான். 1812-ல் அடிமைகளை விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை விதித்தார்.

அப்போது பெரியம்மை என்றாலே ஊர் நடுங்கும். நோய் கண்ட பத்துப் பேரில் மூன்று பேர் வரை இறந்துபோவார்கள். பிழைத்தவர்களின் முகமெல்லாம் தழும்பாகும். சிலருக்குப் பார்வையும் போய்விடும்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர் 1796-ல் இதற்கு வழி கண்டார். மாட்டுக்கு வரும் அம்மையின் நீரை மனிதர் தோலில் இலேசாகக் கீறி வைத்தால், பெரியம்மை அண்டாது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அல்லவா? ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள்.

மக்கள் பயந்தார்கள். மாட்டு நோயை உடம்பில் ஏற்றலாமா, தெய்வக் குற்றம் ஆகிவிடாதா என்று தயங்கினார்கள். ராணி என்ன செய்தார் தெரியுமா? 1813-ல் அம்மை குத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தம் அரச குடும்பத்தாருக்கே குத்தச் செய்தார்! அரண்மனையே முன்வந்தால் குடிமக்களின் பயம் குறையும் அல்லவா? அவருடைய மகன், பிற்காலத்தில் இசைமேதையாகப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

1815-ல், மிக இளம் வயதிலேயே ராணி காலமானார். ஆனால் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 1879-ல் திருவிதாங்கூரில் அரசு ஊழியர்களும் மாணவர்களும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் தட்டம்மை இன்னும் ஒழியவில்லை, குழந்தைகளே! அதற்கான தடுப்பூசியை 9 மாதம் முடிந்ததும் ஒரு முறையும், ஒன்றரை வயதையொட்டி மறுமுறையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக் குட்டித் தம்பி, தங்கைக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா? இன்றே அம்மாவிடம் கேளுங்கள். ஊசி என்றதும் அவர்கள் அழுதால், பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுங்கள். அந்த ராணி செய்ததும் அதைத்தானே!