இரத்த நோய் தீர்த்த டாக்டர் சுப்பாராவ்

இரத்தச் சோகையைத் தடுக்கப் பல பள்ளிகளில் வாரந்தோறும் மாணவியருக்கு நீல நிற மாத்திரை தருகிறார்கள். அதில் இரும்புச்சத்தோடு இருப்பது ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் ஓர் இந்தியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். குடலைக் கெடுத்து இரத்தத்தை வற்றச் செய்யும் ஸ்புரூ நோய்க்குத் தமையனாரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார்.

1923-இல் இளம் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றார். செலவுக்காக இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசட்டி கழுவினார். நாமாக இருந்தால் அடுத்த கப்பலிலேயே திரும்பியிருப்போம்! 1925-இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் அது ஒன்று. ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் தம் கட்டுரைகளில் அவர் பெயரை எழுதினர். ஆயினும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-இல் ஃபோலிக் அமிலம் உருவாயிற்று. ஸ்புரூ நோயாளிகள் தேறினர். அவ்வமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தையும் அவர் குழு தயாரித்தது. பாஸ்டன் நகரில் டாக்டர் ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது. அதுவரை அதுவும் நடந்ததில்லை.

1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். 25 ஆண்டுகளில் ஒருமுறையும் அவர் தாயகம் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி அம்மையார் அவரை மறுபடி காணவே இல்லை.