இராமானுஜனைச் சுட்ட காய்ச்சல்

விலங்கியல் மாணவனாகிய நான் கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுத முற்பட்டது கணிதத்துறை நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். அவருடைய கணக்கின் பக்கம் நான் போகவில்லை. போகும் துணிவும் எனக்கில்லை. அவரை மூன்றாண்டுகள் வாட்டிய காய்ச்சலே என் பொருள். எங்கள் திருவெள்ளறையில் காய்ச்சல் என்றால் அதுதான் நோய். சூடு இறங்கினால் நோய் தீர்ந்தது என்பார்கள். அது அவ்வளவு எளிதன்று என்பதற்கு இராமானுஜனின் வாழ்வே சான்று.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் அவர் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். இரண்டு வயதில் பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் அவ்வாண்டு ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன அம்மை அது. குழந்தையின் உடல் கொதித்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது. தழும்புகள் மட்டும் கடைசிவரை முகத்தில் நின்றன.

அந்தக் கொதிப்பை மூட்டியது யார்? கிருமி அன்று; உடலேதான்! கிருமியைக் கண்ட வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அச்செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, 37 பாகையில் நிற்கும் வெப்ப அளவை 39க்கோ 40க்கோ உயர்த்திவிடுகிறது. அந்த அளவை எட்டத்தான் நமக்கு நடுக்கம் எடுக்கிறது, தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, போர்வையைத் தேடுகிறோம். அந்தச் சூட்டில் வெள்ளையணுக்கள் விரைந்து நகர்கின்றன. நிணநீர்க் கணுக்களுக்குள் கூட்டமாய் நுழைகின்றன. காய்ச்சலின்போது கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தையும் உடல் ஒளித்து வைத்துக்கொள்கிறது. 1975இல் அமெரிக்காவில் குளுகர் என்பாரும் துணைவரும் பாலைவனப் பல்லியினம் ஒன்றுக்குக் கிருமியேற்றி வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தனர். 34 பாகையில் இருந்தவை அனைத்தும் மடிந்தன. 40, 42 பாகையில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. பல்லிக்குத் தானாகச் சூடேற்றிக்கொள்ளும் வசதி இல்லை, நமக்கு உண்டு. அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் உடல் எரிக்கும் சக்தி நூற்றுக்குப் பத்து அளவில் கூடுகிறது. நாலு நாள் என்றால் தாங்கலாம். மூன்றாண்டு என்றால்?

சென்னையில் படித்த காலத்தில், 1906இல், இராமானுஜனுக்குச் சீதபேதி கண்டு ஊர் திரும்ப நேர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்க. 1909இல் குளித்தலையை அடுத்த இராசேந்திரத்துப் பெண் ஜானகியை மணந்தார். 1912இல் துறைமுக அலுவலக எழுத்தர். 1913 சனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17இல் நெவாசா கப்பலில் சீமைப் பயணம். இவையெல்லாம் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளன.

1917இன் வசந்த காலத்தில் கேம்பிரிட்ஜில் படுத்தார். இரவில் ஏறி இறங்கும் காய்ச்சல். உடல் இளைத்துக்கொண்டே வந்தது. வயிற்றுப்புண் என்றார் ஒரு மருத்துவர்; காசநோய் என்றார் மற்றொருவர்; கல்லீரலில் புற்று என்றும் ஐயுற்றனர். முடிவில் காசநோய் என்றே வைத்துக்கொண்டு மெண்டிப் மலையிலும் மாட்லக்கிலும் சானடோரியங்களில் கிடத்தினர். திறந்த சாளரமும் குளிர்காற்றுமே அக்காலச் சிகிச்சை. போர்க்காலத்தில் சைவ உணவுக்குத் தட்டுப்பாடு வேறு! எரிப்பதோ அதிகம், இடுவதோ குறைவு.

அதே 1917இல் வியன்னாவில் வாக்னர்-யாரெக் என்ற மருத்துவர், மூளையைத் தாக்கிய மேகநோய்க்காரர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பலர் தேறினர், சிலர் அந்தக் காய்ச்சலிலேயே இறந்தனர். 1927இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அம்முறை வழக்கில் இல்லை. காய்ச்சல் ஒருவனைக் காப்பதும் மற்றொருவனைத் தின்பதும் எதைப் பொறுத்தது? என் கருத்தில், எதிரி எட்டுமிடத்தில் இருக்கிறானா என்பதைப் பொறுத்தது. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய வெள்ளையணுவுக்குள்ளேயே குடியிருக்கும். கல்லீரல் கட்டியிலோ சீழ்ச் சுவருக்குள் அமீபா பதுங்கியிருக்கும். படை திரண்டு நிற்கும், கோட்டைக்குள் புக முடியாது. நிற்கும் நாளெல்லாம் சொந்த நாட்டுக் களஞ்சியத்தையே தின்று தீர்க்கும்.

1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ என்னும் பெருமைகள் வந்தன. 1919 மார்ச் இறுதியில் பம்பாயில் இறங்கியவர் எலும்பும் தோலுமாய் இருந்தார். நம் காவிரிக்கரைக் கொடுமுடியில் சில மாதங்கள்; பிறகு கும்பகோணம்; 1920 தொடக்கத்தில் சென்னைச் சேத்துப்பட்டு. ஜானகி ஒத்தடம் கொடுத்தபடி அருகிருந்தார். காய்ச்சலோடு காய்ச்சலாகவே போலித் தீட்டாச் சார்புகளை எழுதிக் குவித்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார். வயது 32.

1994இல் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அது காசநோயாக இருந்திராது, அமீபாவால் கல்லீரலில் வந்த கட்டியாகவே இருக்கலாம் என்று எழுதினார். சீதபேதியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த அமீபா ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கியிருந்து பின்னர் கல்லீரலைத் தாக்கக்கூடியது. யங் சொல்வது சரியானால் நெஞ்சு பதைக்கிறது: அமீபா நோய்க்கு எமட்டின் ஊசியை 1912இலேயே கல்கத்தாவில் ரோஜர்ஸ் பயன்படுத்திவிட்டார்! காய்ச்சல் ஒவ்வோர் இரவும் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊரில் பல்லவர் காலத்து மார்ப்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது; சுவஸ்திகம் போல நான்கு துறை. ஒரு துறையில் குளிப்பவர் கண்ணுக்கு அடுத்த துறையில் இருப்பவர் தெரியமாட்டார். சீமை மருத்துவர்களும் அப்படித்தான் ஆளுக்கொரு படியில் இறங்கிப் பார்த்தார்கள் போலும்.

ஜானகியம்மாள் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்திருந்தார். யங்கின் கட்டுரை வெளிவந்த அதே 1994இல்தான் அவரும் மறைந்தார்.