ஓரணாச் சிற்றுண்டியும் வெள்ளுடை வேந்தரும்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மின்சார வண்டியேறி, மாம்பலத்தில் இறங்கி, துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நாள் முழுதும் கால்கடுக்க நின்று வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் தோழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் நாவில் நாளும் பத்துத் தடவை புழங்கும் பெயர் தி. நகர். அந்த ஒற்றை எழுத்துக்கு உரியவர் யார்? தியாகராயர் என்று பலரும் சொல்லிவிடுவர். அவர் செய்தது என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால், நீதிக்கட்சித் தலைவர் என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டதையும் கட்சி கண்டதையும் நமது மேடைகளில் கேட்டுக் கேட்டுத் தோழர்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத ஒன்றை இன்று பேசுவோம். நகராட்சி மன்றத்து நாற்காலியில் அந்த மனிதர் கழித்த நாற்பது ஆண்டுகளே அது.

பிட்டி தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்தவர். நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம். செல்வக் குடும்பந்தான், மறுக்கவில்லை. நெசவோடு தோல், சுண்ணாம்பு, உப்பு என்று பல வணிகம் நடந்தது. 1876-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் தாசில்தாராகலாம், முன்சீபாகலாம், கோட்டும் தலைப்பாகையுமாகத் துரைமார் முன் கைகட்டி நிற்கலாம். அவரோ தறிக்குத் திரும்பினார். கயிற்றை இழுத்தால் நாடா தானே பாய்ந்தோடும் புதுத் தறிகளை ஏறத்தாழ நூறு நிறுத்தி நெசவுச்சாலை நடத்தினார். மதராஸ் கைக்குட்டை என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை துணி அனுப்பிய அனகாபுத்தூர் நெசவாளத் தோழர்களுக்கு அந்தத் தறியின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. 1909-இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் இவரே.

1882-இல் சென்னை நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தார். அன்றைய மன்றம் எப்படிப்பட்டது என்பதை நமது இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வரி கட்டும் சொத்துக்காரனுக்கே வாக்கு. மூட்டை சுமப்பவனுக்கும் வண்டி இழுப்பவனுக்கும் குடிசையில் வாழ்பவனுக்கும் அந்த மன்றத்தில் நாதியில்லை. பெண்களைப் பற்றிய நினைப்பே அங்கு இல்லை. தலைவர் நாற்காலியில் அமர்பவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசாங்கமே அமர்த்தும். 1688-இல் பிறந்த மாநகராட்சி, தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்க இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது!

அப்படிப்பட்ட மன்றத்தில் ஒரு மனிதர் நாற்பது ஆண்டு என்ன செய்தார்? குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பை வண்டி, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். பேப்பரில் பெரிய எழுத்தில் வரும் பேச்சல்ல அது. அதே மன்றத்தில் திருவல்லிக்கேணியின் சார்பில் அமர்ந்திருந்த டாக்டர் டி. எம். நாயருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரும் நேருக்கு நேர் மோதியவர்கள். அந்த இரண்டு மலைகளையும் ஓரிடத்தில் அமர்த்தியவர் டாக்டர் நடேசனார். அவர் மட்டும் இல்லையேல் 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே. நடேசனாருக்கு நாம் செலுத்திய நன்றி போதாது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

1919-இல் புதிய மாநகராட்சிச் சட்டம் வந்தது. மன்ற உறுப்பினர் தொகை ஐம்பதாயிற்று. தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயர். 1920 இறுதியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் ஆட்சி அமைக்க அழைத்ததும் தியாகராயரைத்தான். முதலமைச்சர் பதவி வாசற்படி ஏறி வருகிறது. வேண்டாம் என்றார்! கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை அமரச் செய்தார். தாம் நகராட்சித் தலைவராகவே இருந்தார். கவுன்சிலர் பதவியை எம்.எல்.ஏ. பதவிக்கு ஏணிப்படியாக எண்ணுவோர் எல்லாக் கட்சியிலும் உண்டு. நமது கட்சியில் இல்லை என்று நாம் சத்தியம் செய்யப் போவதில்லை. அவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் நகராட்சிப் பள்ளி ஒன்று. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளி. படிக்கும் என்று சொல்வதைவிடப் பெயர்ப்பட்டியலில் இருக்கும் என்பதே பொருத்தம். காலையில் வருவார்கள், நண்பகலில் பசி வரும், பசி வந்தால் பள்ளி ஏது? வேறு இடத்தில் சோறு கிடைத்தால் பிள்ளை அங்கே போகும். வீட்டில் ஒரு வேலை இருந்தால் தாய் அதற்கு அனுப்புவாள். 1920 செப்டம்பர் 16-ஆம் நாள் இந்தப் பள்ளியின் பேச்சு மன்றத்துக்கு வந்தது. பிள்ளைகளின் வறுமையே பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதைத் தலைவர் எடுத்துரைத்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்க மன்றம் இசைந்தது.

ஓரணா! ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. நூறு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆறே கால் ரூபாய். இதைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டியிருக்கவில்லை, லண்டனில் மசோதா வேண்டியிருக்கவில்லை. ஒரு தெருவின் பள்ளியில் நடப்பது ஒரு மன்றத்தின் காதில் விழுந்தது, அவ்வளவே. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரு மடங்கு. எந்த ஆசிரியரின் பிரம்பும் செய்யாத வேலை.

வெள்ளை அரசாங்கம் விட்டதா? தொடக்கக் கல்விக்கான நிதி கல்விக்கே உரியது, சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என்று தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. பிள்ளைகள் தொகையும் சரிந்தது. நகர மன்றம் தரும், மேலேயுள்ள அரசாங்கம் ஒரு கோடு கிழித்துப் பிடுங்கும். பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பது கணக்குப் பிள்ளையின் கவலை என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் பசித்த பிள்ளையின் தட்டு அந்தத் தலைப்பில்தான் இருந்தது.

இதைத் தென்சென்னைப் புறநகர்த் தோழர்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. எழுபது வார்டு. 2022 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. சொத்துக்காரனுக்கே வாக்கு என்றிருந்த 1882 எங்கே, இது எங்கே! அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், கிராம சபை போல நகரங்களிலும் பகுதி சபை கூடத் தொடங்கியபோது, முதலமைச்சர் வந்து அமர்ந்தது இதே மாநகராட்சியின் ஆறாவது வார்டான பம்மலில்தான். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர்களைக் கூட்டி, கவுன்சிலரும் அதிகாரியும் நேரில் கேட்டுக்கொள்ளும் முறை இது.

கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? ஓய்வு பெற்ற அலுவலர்கள் போகிறார்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார் போகிறார்கள், நல்லது. தோல் பதனிடும் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும் போகிறார்களா? ஷிப்டு விட்டு வந்தவனுக்குக் களைப்பு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கழிவுநீர் அவன் வாசலில்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் அவன் வீட்டுப் பாய்தான் முதலில் மிதக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுவது அவன் மனைவிதான். கிளைக் கழகத் தோழர்கள் சுவரொட்டி ஒட்டும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கி, தெருத்தெருவாகப் போய்ச் சபை நாளைச் சொல்லட்டும். போகிறவர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாக, முன்பு எப்போது மனு கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருக்க வேண்டும். ஏறிய பின் பணம் எந்தத் தலைப்பில் வைக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரியில் 2019-இல் மக்களே இறங்கிக் குப்பை வாரியதைக் கண்டோம். இறங்கிய பிறகுதான் அரசாங்கத்தின் பார்வையும் அங்கே திரும்பியது.

ஏரி என்றதும் இன்னொன்று. தியாகராய நகர் ஓர் ஏரியின் மீது எழுந்த நகர். 1923 வாக்கில் மாம்பலத்து நெட்டேரியை வற்றவைத்து மனை பிரித்தார்கள். தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் பனகல், நாயர், உஸ்மான் என்று இயக்கத்தார் பெயர் வைத்ததில் நமக்குப் பெருமை உண்டு. ஏரி போனதில் பெருமை கொள்ள இன்று முடியவில்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டைக் கண்டவர்கள் அதை ஒப்புவார்கள்.

குறையைச் சொல்லாமல் புகழ்மட்டும் பாடுவது நமது வழக்கமல்ல. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக முடிந்தபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை ஆதிதிராவிட மக்களைப் புண்படுத்தியது. அவர்களில் தியாகராயரும் ஒருவர். 1923-இல் எம். சி. இராஜா கட்சியை விட்டு வெளியேறினார். அவர் நமது பரங்கிமலையில் பிறந்தவர். அந்தப் பிரிவு நேராதிருந்தால் இயக்கம் இன்னும் வலுவாக வேரூன்றியிருக்கும்.

1922 சனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது, நகரத் தலைவர் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் தியாகராயர். காங்கிரசார் புறக்கணித்தனர். ஊரில் கலவரம் மூண்டது. அவர் வீடும் தாக்குதலுக்கு ஆளாயிற்று. துரைமார் எதிரிலும் தம் வெள்ளை வேட்டியையும் அங்கியையும் மாற்றாதவர் என்பதாலேயே வெள்ளுடை வேந்தர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்த ஆண்டோடு நகராட்சிப் பணியும் முடிந்தது.

1925-இல் அவர் மறைந்தார். ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி நின்றதும் அந்த ஆண்டில்தான். காமராசர் காலத்தில் மதிய உணவு நாடெங்கும் வந்தது, 1982-இல் சத்துணவாயிற்று, 2022-இல் மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கிற்று. ரிப்பன் மாளிகையின் முன் தியாகராயரின் சிலை நிற்கிறது. சென்ட்ரல் பக்கம் போகும் தோழர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.