தேர்வு யாருக்கானது? இரட்டைமலை சீனிவாசன் எழுப்பிய கேள்வி

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் வரும். அதற்கு அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இச்சாலையை ஒட்டிய புறநகர்ப் பகுதிகளில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள், தேர்வு குறித்து அவர் எழுப்பிய கேள்வியை அறிந்திருக்க வேண்டும்.

கோவையில் அவர் படித்த பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும்வரை வெளியே தனித்திருப்பார். முடிந்ததும் பிறர் நெருங்குமுன் வீடு நோக்கி விரைவார். எல்லோருக்கும் பாடம் ஒன்றே; அதைப் படிக்க அவர் கொடுத்த விலை வேறு.

ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு 1855 முதல் லண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தக் காங்கிரஸ் கோரியது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானித்தது. சீனிவாசன் எதிர்த்தார். பள்ளி வாசலே மூடப்பட்டிருக்கும் நாட்டில் அத்தேர்வில் வெல்வோர் ஆதிக்கச் சாதியினராகவே இருப்பர்; அதிகாரமும் அவர்கள் கைக்கே போகும் என்பது அவரது வாதம். 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனு, ஜெனரல் செஸ்னி வழியாக நாடாளுமன்றத்துக்குச் சென்றது. 'பறையன்' இதழை அவர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இதைக் காட்டி அவரை வெள்ளையருக்குத் துணைபோனவர் என்போர் உண்டு. கடல் கடக்க வசதியுள்ளவருக்கே வாய்த்த லண்டன் தேர்வும் நியாயமானதன்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை மாற்றுவதால் மட்டும் தேர்வு பொதுவாகிவிடாது என்பதை அவர் அன்றே கண்டார்.

2019 குரூப்-4 தேர்வில் மறையும் மையால் விடைத்தாள்கள் திருத்தப்பட்டது வெளிப்பட்டபோது, 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அத்தகைய மோசடியைச் சட்டம் தண்டிக்கும். தேர்வுக் கூடத்துக்கு வருமுன்பே ஒருவரை வெளியே நிறுத்தும் அநீதிக்கோ, முறைகேடு என்ற பெயர்கூட இல்லை. வழக்கறிஞர்களாக நாம் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது.

சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச்சாலை, பொதுக்கிணறு எவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார். ஒரு தேர்வை நம்பலாமா என்று நாம் ஆராயும்போது, தேர்ச்சிப் பட்டியலோடு அத்தேர்வை எழுதவே வர முடியாதவர்களையும் எண்ணிப் பார்க்க அவர் வாழ்க்கை கற்பிக்கிறது.