மரத்தடிக்கு வந்த மருத்துவம்: ஐடா ஸ்கடரை நாம் வாசிக்கும் விதம்

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஒருவருக்கு நோய் முற்றினால் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்வது இன்றும் வழக்கம். சோளிங்கர், வாலாஜா வழியாகச் செல்லும் அந்தப் பயணத்தில் இராணிப்பேட்டை வரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்த ஊர் அது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. தந்தையும் மருத்துவரே. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தில், கூலிக்கு உழைத்த நிலமற்ற மக்கள் சாலையோரங்களில் மடிந்ததைச் சிறுமியாகக் கண்ட ஐடா, பின்னர் அமெரிக்காவில் வளர்ந்தார். இந்தியாவுக்குத் திரும்பி மிஷனரியாகும் விருப்பம் அவருக்கு இருக்கவில்லை.

தாயின் உடல்நலக் குறைவு 1890இல் அவரைத் திண்டிவனத்துக்கு வரவழைத்தது. ஓரிரவு, பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிய தம் மனைவியருக்காக மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மருத்துவரான தந்தை புறப்பட ஆயத்தமாக இருந்தும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் பயிலாத ஐடாவையே அழைத்தனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பெண்களின் அவலமாக மட்டுமே சொல்லிவருகிறார்கள். நாம் இதில் சாதியையும் காண்கிறோம். மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அப்பெண்களைக் கொன்றது குடும்ப மானம். பிள்ளைப்பேற்றைத் தீட்டென்று ஒதுக்கி, அதைக் கையாளும் வேலையை நாவிதர் சமூகப் பெண்கள் மீதும் ஒடுக்கப்பட்ட பிற பெண்கள் மீதும் சுமத்திய சமூகம் அது. இன்னொரு கேள்வியும் உண்டு. அவ்விரவில் கதவைத் தட்டத் துணியாத, தட்டலாம் என்பதே தெரியாத சேரிப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களின் மரணம் எந்த வரலாற்றிலும் கதையாகவில்லை.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற ஐடா, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரோடு வேலூருக்கு வந்தார். அந்த நன்கொடையில் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது.

மருத்துவமனை கட்டியவர் பலர். ஐடா அதோடு நிற்கவில்லை என்பதே நம் கவனத்துக்குரியது. வேலூர் வரை வர முடியாதவர்களை அவரே தேடிச் சென்றார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். 1909 முதல் அப்பணிக்கு மோட்டார் வாகனமும் கிடைத்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் அங்கேயே நடந்தன. ஊருக்குள் நுழைய விடப்படாத தொழுநோயாளிகளும் அம்மரங்களின் கீழ்க் காத்திருந்தனர். அக்ரகாரத்துத் திண்ணையில் இதே சிகிச்சையை அளித்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? வழியில் நின்றதால்தான் அது எல்லோருக்கும் எட்டியது.

தாம் ஒருவரால் ஆகாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். உடற்கழிவைத் தொடுவது இழிவென்று கருதப்பட்ட நாளில், 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை நிறுத்தி, பட்டப்படிப்பே வேண்டும் என்றபோது பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதை ஒட்டிய நிலையிலும் அவர் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர். 1960 மே 24 அன்று கொடைக்கானலில் மறைந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் திருத்தணி பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தது.

அவரைச் சாதி ஒழிப்புப் போராளியாக்குவது நம் நோக்கமன்று. மிஷனரிகளின் தொண்டு, நோயாளியை அருளுக்குரியவராகப் பார்த்ததே தவிர உரிமைக்குரியவராகப் பார்க்கவில்லை. ஆயினும் அவருடைய வழிமுறை இன்றும் தேவைப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் நாள்தோறும் ஏறக்குறைய 800 பெண்கள் கருத்தரிப்பு, பேறுகாலம் தொடர்பாக இறந்தனர். பெரும்பாலான மரணங்கள் தடுக்கக்கூடியவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. மரத்தடியில் வண்டியை நிறுத்திய எண்ணத்துக்கு இது அயலானதன்று.

சட்டம் இன்னும் அந்த அளவு வரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் துணை சுகாதார நிலையத்தை ஊரின் மறுகோடியில், சேரிப் பெண் இரவில் நடந்து செல்ல அஞ்சும் தெருவைத் தாண்டிக் கட்டினால் அது எந்தப் பிரிவிலும் குற்றமாகாது. அங்கே கதவு திறந்தே இருக்கும். தடுத்தவர் என்று எவர் பெயரையும் புகாரில் எழுத முடியாது. எனவே புதிய நிலையத்துக்கு இடம் தேர்வாகும்போதே, கிராம சபையில் சேரியிலிருந்து அதற்கான தூரத்தையும் வழியையும் கேட்டுத் தீர்மானத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டடம் எழுந்த பின் நீதிமன்றம் சென்றால், செலவழிந்த அரசுப் பணத்தைக் காட்டியே மனுவை எதிர்ப்பார்கள்.