பத்து மாணவர்களின் தலைவர்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மும்பைத் தமிழர்கள் முதலில் அழைத்துப் போய்க் காட்டுவது கேட்வே ஆப் இந்தியா. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் குவிமாடத்துடன் கூடிய பெரிய அருங்காட்சியகம். உடம்புக்கு முடியவில்லை என்றால் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ஓடுவது பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கு. இந்த மூன்றுக்கும் வரைபடம் தந்தவர் ஒருவரே. அவர் பெயர் ஜார்ஜ் விட்டெட்.

கட்டிடங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் ஏற்ற இன்னொரு பொறுப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று நாடு முழுவதும் கிளைகளுடன் இயங்கும் இந்தியக் கட்டிடக் கலைஞர்கள் சங்கத்துக்கு முதல் தலைவர் அவர்தான்.

விட்டெட் 1878-ல் ஸ்காட்லாந்தில் பிளேர் அதோல் என்ற சிற்றூரில் பிறந்தவர். எடின்பரோவிலும் யார்க் நகரிலும் தொழில் பழகிய பிறகு 1904-ல் பம்பாய் வந்தார். அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டிடக் கலைஞராக இருந்த ஜான் பெக் அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். விக்டோரியா டெர்மினஸ் பக்கத்தில் நிற்கும் தலைமைத் தபால் நிலையம் பெக் திட்டமிட்டது. அதில் விட்டெட்டும் வேலை செய்தார். பெக் இந்திய அரசின் பணிக்கு மாறியதும் பம்பாயில் அவருடைய இடத்துக்கு விட்டெட் வந்தார்.

1909-ல் அருங்காட்சியகத்துக்கு வரைபடப் போட்டி நடந்தது. வென்றவர் விட்டெட். பிஜப்பூர் கோல்கும்பஸின் குவிமாடம் அவர் மனதில் பதிந்திருந்தது. அதன் சாயலை அரபிக்கடல் ஓரத்துக்குக் கொண்டுவந்தார். கட்டி முடித்த வேளையில் முதல் உலகப் போர் வந்துவிட, அங்கே காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். அருங்காட்சியகமாகத் திறந்தது 1922-ல்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய கேட்வேயை 1924-ல் திறந்தார்கள். வெள்ளையர் படையின் கடைசிப் பிரிவு 1948 பிப்ரவரி 28-ந் தேதி அதே வாயில் வழியாகத்தான் வெளியேறியது.

சங்கத்தின் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் அரசாங்கக் கட்டிடம் என்றால் பெரும்பாலும் பொதுப்பணித் துறை என்ஜினீயர்களின் ராஜ்யம். கட்டிடக் கலை என்று ஒரு தனித் தொழில் உண்டு என்பதையே பலர் ஏற்கவில்லை. ஜே.ஜே. கலைப்பள்ளியில் இதற்கென வகுப்பு இருந்தது. ஆனால் அது தொடங்கியதே அலுவலகங்களுக்கு வரைபடம் தீட்டும் ஆட்களைத் தயாரிக்கத்தான். கையில் திறமை இருந்தும், இந்திய இளைஞர் வேறொருவர் கட்டிடத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டிய நிலை.

அந்தப் பள்ளியில் படித்து வெளியேறிய 10 பேர் 1917 மே 12-ந் தேதி ஒன்றுகூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். கட்டிடக் கலை மாணவர் சங்கம் என்று பெயர். தலைவர் நாற்காலியில் விட்டெட்டை உட்கார வைத்தார்கள். மாகாணத்தின் கட்டிடக் கலைக்கே மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர், 10 இளைஞர்களின் சங்கத்துக்குத் தலைவராக வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வந்தார். அவர் பெயர் இருந்ததால் சங்கத்தின் சொல்லுக்கு எடை கூடியது என்று சொல்வதில் தவறில்லை.

தொழில் சங்கம் நடத்துவது வெறும் விருந்தும் வரவேற்பும் அல்ல. கூலி எவ்வளவு, போட்டி எப்படி நடக்க வேண்டும், யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, தவறு செய்தவரை என்ன செய்வது என்று முடிவு செய்ய ஓர் இடம் வேண்டும். அது இல்லாத தொழிலில் மலிவாகக் கேட்பவன்தான் ஜெயிப்பான்.

1919-ல் விட்டெட் அரசுப் பணியை விட்டு டாட்டாக்களிடம் போனார். கோட்டைப் பகுதியில் அவர்களுடைய தலைமையகமான பாம்பே ஹவுஸ், 1924-ல் எழுந்தது, அவர் வரைந்ததே. சங்கமும் மாணவர் என்ற சொல்லை உதிர்த்துவிட்டு 1922-ல் பம்பாய்க் கட்டிடக் கலைச் சங்கம் ஆனது. 1925-ல் லண்டனில் உள்ள அரச கட்டிடக் கலைக் கழகத்துடன் இணைப்புப் பெற்றது.

மறு ஆண்டு, 1926-ல், வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு விட்டெட் பம்பாயிலேயே காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

சங்கத்துக்கு இந்தியா என்ற பெயர் வந்தது 1929 செப்டம்பர் 2-ந் தேதி. ஆகவே, முதல் தலைவர் என்று புத்தகங்கள் சொல்லும் மனிதர் அந்தச் சங்கத்தின் இன்றைய பெயரைக் காதால் கேட்டதே இல்லை! அவருக்குப் பின் சங்கம் சொந்தமாகப் பத்திரிகை நடத்தியது. தேர்வு வைத்து உறுப்பினர் சேர்த்தது. 1937-ல் டவுன் ஹாலில் நடத்திய வீட்டுக் கண்காட்சிக்குப் பெருங்கூட்டம் வந்தது.

சட்டத்தின் அங்கீகாரம் கிடைக்க, பத்துப் பேர் கூடிய நாளிலிருந்து 55 ஆண்டுகள் ஆயின. கட்டிடக் கலைஞர்கள் சட்டம் 1972-ல் வந்தது. பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது என்றது. ஆனால் சட்டம் காப்பது பட்டத்தை மட்டுமே, பதிவு இல்லாதவர் அந்த வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. என்ஜினீயரா, கட்டிடக் கலைஞரா என்ற பழைய வழக்கு இன்னும் ஓயவில்லை.

சங்கத்தின் தலைமை அலுவலகம் கோட்டைப் பகுதியில், தாதாபாய் நவுரோஜி சாலையில், பிராஸ்பெக்ட் சேம்பர்ஸ் கட்டிடத்தை ஒட்டி இருக்கிறது. விட்டெட் பம்பாய் வந்த புதிதில் வேலை செய்த தபால் நிலையத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.